நம் ரத்தத்தில் யாருக்கு என்ன வேலை?

(நம் கம்யூனிட்டி ஹாலில் ஒரு ஞாயிறு மாலை நடந்த நலவாழ்வுக் கூட்டத்தில், பி பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே முழுமையாகத் தருகிறோம். – ஆசிரியர் குழு)



மழை தூறிக்கொண்டிருந்தும் இத்தனை பேர் கீழே இறங்கி வந்திருக்கிறீர்கள், மிக்க நன்றி. செயலாளர் சார் நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறார். சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் நம் வாட்ஸப் குழுவில் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது, நினைவிருக்கிறதா? “பையனுக்கு நியூட்ரோஃபில் 78 என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது, பயப்படணுமா?” என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். பத்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. ஒருவர் நிலவேம்பு என்றார், ஒருவர் பப்பாளி இலை என்றார், ஒருவர் உடனே ஆன்டிபயாடிக் தொடங்கச் சொன்னார். அந்த நியூட்ரோஃபில் என்பவர் யார், எதற்காகக் கூடியிருக்கிறார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. முப்பது வருடம் மைக்ரோஸ்கோப்பில் அவரைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டது.

இன்று பேச இன்னொரு காரணமும் உண்டு. அது எங்கள் வீட்டில் நடந்தது. உரிய இடம் வரும்போது சொல்கிறேன்.

சுற்றுச்சுவரும் வாட்ச்மேனும்

நம் வளாகத்திலிருந்தே தொடங்கலாம். முதலில் காம்பவுண்டுச் சுவர். உடம்புக்கு அது தோல். மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் சளிப்படலமும் வயிற்றின் அமிலமும்கூட சுவர்தான். வருகிற கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை இங்கேயே நின்றுவிடும்.

நம் விளையாட்டுத் திடலில் ஒரு பிள்ளை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்கிறான் என்று வையுங்கள். சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது, மண்ணோடு பாக்டீரியாவும் உள்ளே போகிறது. அங்கே முதலில் அதைச் சந்திப்பவர் மேக்ரோஃபேஜ். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்குப் பெருந்தீனிக்காரர் என்று பொருள். இவர் அந்தந்த இடத்திலேயே குடியிருக்கும் வாட்ச்மேன். தோலுக்கு அடியில் ஒருவர், நுரையீரலின் காற்றறைகளில் ஒருவர், கல்லீரலில் ஒருவர் என்று உடம்பு முழுவதும் இருக்கிறார். மற்ற நாட்களில் செத்த செல்களைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்வதுதான் அவர் வேலை. அதாவது வாட்ச்மேனும் ஹவுஸ்கீப்பிங்கும் ஒரே ஆள்.

அந்நியர் நுழைந்ததும் அவர் இரண்டு காரியம் செய்வார். முடிந்தவரை விழுங்குவார். கூடவே விசில் ஊதுவார். அந்த விசில் என்பது சில வேதிப்பொருட்கள். அதைக் கேட்டதும் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிந்து, சுவர் நெகிழ்ந்து, உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்கள் வெளியே வர வழிவிடும். முழங்கால் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிப்பது அதனால்தான். புண் மோசமாகிறது என்று நாம் நினைக்கும் அந்த முதல் நாள் வீக்கத்தில் பாதி, உதவிக்கு ஆள் வருவதற்கான கதவுதிறப்பு.

இந்த விழுங்கும் செல்களைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1882-ம் ஆண்டு, இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெசினா. வீட்டார் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். எலி மெக்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர் மட்டும் மைக்ரோஸ்கோப்போடு வீட்டில் இருந்தார். நட்சத்திர மீனின் இளம் உயிரி கண்ணாடி போல இருக்கும், உள்ளே நடப்பது தெரியும். அதன் உடம்பில் தோட்டத்து ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. காலில் முள் தைத்தால் நம் உடம்பு என்ன செய்கிறது என்பதற்கு அங்கேதான் விடை கிடைத்தது. 1908-ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

விசில் கேட்டு ஓடி வருபவர்

விசில் கேட்டதும் முதலில் கூட்டமாக வந்து சேர்பவர்தான் நம் வாட்ஸப் குழுவைக் கலக்கிய நியூட்ரோஃபில். வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் இவர்தான். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் சமாளிப்பதில் இவரை மிஞ்ச ஆள் இல்லை. விழுங்குவார். உள்ளே வைத்திருக்கும் நச்சுப்பொருட்களைக் கொட்டிக் கொல்வார். அதுவும் போதவில்லை என்றால் தன் டிஎன்ஏவையே வெளியே வலை போல வீசிக் கிருமியைச் சிக்கவைப்பார். இந்த வலை வீச்சு 2004-ல்தான் தெரியவந்தது. நான் கல்லூரியில் படித்த காலத்துப் புத்தகங்களில் இது கிடையாது.

இவருடைய ஆயுள் மிகக் குறைவு. ரத்தத்தில் ஒரு நாள்கூட நிலைப்பதில்லை, அதிகம் போனால் சில நாட்கள். அதனால் எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைப் புதிதாகச் செய்து அனுப்புகிறது. கட்டியில் வரும் சீழ் என்பது பெரும்பாலும் வேலை முடித்துச் செத்த நியூட்ரோஃபில்கள்தான். முகம் சுளித்துத் துடைக்கிறோம். அடுத்த முறை மனதுக்குள் ஒரு நன்றி சொல்லுங்கள்.

ஆகவே பையனுக்கு நியூட்ரோஃபில் 78 என்றால் உடம்பு ஆள் அனுப்பியிருக்கிறது என்று பொருள். பாக்டீரியா தொற்றில் ஏறும், ஸ்டீராய்டு மருந்தில் ஏறும், உடம்பு பெரிய அழுத்தத்தில் இருந்தாலும் ஏறும். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து மருந்து தொடங்கக் கூடாது. பிள்ளையைப் பார்த்த டாக்டர்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நாம் அஞ்ச வேண்டியது பெரும்பாலும் எண் குறைவதற்கு. இங்கேதான் எங்கள் வீட்டுக் கதை.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் கணவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் அவர் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தார். உங்களில் பலர் வந்து பார்த்தீர்கள், சாப்பாடு கொடுத்தனுப்பினீர்கள், மறக்க மாட்டோம். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல்லும் அப்படித்தான் பெருகுகிறது, நம் மஜ்ஜையும் அப்படித்தான். தொழிற்சாலை நின்றால் முதலில் தீர்ந்துபோகும் சரக்கு எது? ஆயுள் குறைந்த சரக்கு. பொதுவாக மருந்து ஏற்றிய ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் நியூட்ரோஃபில் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கும்.

இரண்டாவது சுற்று முடிந்து பத்தாம் நாள். இரவு ஒன்பது மணிக்கு அவருக்குக் காய்ச்சல். தொண்டை சிவக்கவில்லை, இருமல் பெரிதாக இல்லை, எங்கும் வீக்கம் இல்லை. பாராசிட்டமால் கொடுத்து, விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன். முப்பது வருடம் இதையே படித்து, இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். வீக்கமும் சிவப்பும் சீழும் தெரிய வேண்டுமென்றால் நியூட்ரோஃபில் வந்து சண்டை போட வேண்டும். ஆளே இல்லாத இடத்தில் அடையாளம் எங்கிருந்து வரும்? காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. அதையும் நான் மாத்திரையால் அமுக்கிவிட்டேன்.

காலை ஐந்து மணிக்கு அவர் பேச்சு குழறியது. மருத்துவமனையில் எடுத்த ரிப்போர்ட்டில் டோட்டல் கவுண்ட் 900, அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், 180. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 180. ரத்தத்தில் பாக்டீரியா பரவியிருந்தது. ஒன்பது நாள் ஐசியூ. பிழைத்து வந்து, இதோ என் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

எனவே இன்று நான் சொல்வதில் ஒன்றை மட்டும் எடுத்துப்போவதானால் இதை எடுத்துப்போங்கள். கீமோ எடுப்பவருக்கு உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4, அது அவசரம். இரவு என்று பார்க்காதீர்கள். மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், வாசலிலேயே “கீமோ நடக்கிறது, காய்ச்சல்” என்று சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் உடனே ஏற வேண்டிய இடம் அது.

செய்தி கொண்டு ஓடுபவர்

சரி, முழங்காலுக்குத் திரும்புவோம். வாட்ச்மேனும் ஓடிவந்தவர்களும் சண்டை போடும்போது, அங்கே சத்தமில்லாமல் இன்னொருவர் நிற்கிறார். டென்ட்ரிட்டிக் செல் என்று பெயர். கிளை கிளையாகக் கைகள் இருக்கும். கிருமியைக் கொஞ்சம் பிய்த்து எடுத்துக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியே அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போவார். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் ‘நெறி கட்டியிருக்கு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த நெறிதான் முடிச்சு. தொண்டையில் தொற்று என்றால் கழுத்தில் நெறி கட்டும். அது உடம்பின் அசோசியேஷன் ஆபீஸ். இவர் படம் பிடித்து வந்து ஆபீஸில் காட்டுகிறார், கூட்டம் கூடுகிறது, ஆபீஸ் வீங்குகிறது.

ரால்ஃப் ஸ்டைன்மேன் என்பவர் 1973-ல் இந்தச் செல்லை வெளிக்கொண்டுவந்தார். இப்படி ஒரு தனிச் செல் இருப்பதைப் பல வருடம் பலர் நம்பவில்லை. 2011-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பரிசுக்குழுவுக்கு அது தெரியாது. இறந்தவர்களுக்குத் தருவதில்லை என்ற விதி இருந்தும் அந்தப் பரிசை அவர்கள் திரும்பப் பெறவில்லை.

ஆபீஸில் நடப்பது

முடிச்சுக்குள் காத்திருப்பவர்கள் லிம்ஃபோசைட்டுகள். இவர்களில் டி செல், பி செல் என்று இரண்டு பெரிய குடும்பங்கள். டி செல்கள் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியில் பயிற்சி பெறுபவை. கடுமையான பள்ளிக்கூடம் அது. நம் உடம்பையே தாக்கக்கூடியவர்களையும் உபயோகம் இல்லாதவர்களையும் கழித்துவிடும். உள்ளே போகிறவர்களில் மிகச் சிலர்தான் தேறி வெளியே வருகிறார்கள். வயது ஏற ஏற தைமஸ் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். நம் சீனியர் சிட்டிசன்களுக்குப் புதுக் கிருமிகள் அதிகத் தொந்தரவு தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு டி செல்லுக்கும் பி செல்லுக்கும் ஒரே ஒரு முகம்தான் அடையாளம் தெரியும். கோடிக்கணக்கான செல்கள், கோடிக்கணக்கான முகங்கள். டென்ட்ரிட்டிக் செல் கொண்டுவந்த படத்துக்குப் பொருந்துகிற சிலரைத் தேடிப் பிடிக்க வேண்டும், பிறகு அவர்கள் பெருக வேண்டும். இதற்கு நான்கைந்து நாள் ஆகும், சில சமயம் ஒரு வாரம்.

பொருந்திய டி செல்களில் உதவி டி செல் ஒருவகை. இவர்தான் செயலாளர். தானே போய் யாரையும் கொல்ல மாட்டார். மேக்ரோஃபேஜைத் தட்டி எழுப்புவார், பி செல்லுக்கு அனுமதி தருவார், கொல்லி டி செல்லை அனுப்புவார். இவர் இல்லாவிட்டால் மற்ற எல்லாரும் இருந்தும் பயனில்லை என்பதை எச்.ஐ.வி. காட்டியது. அந்த வைரஸ் குறிவைப்பது இவரைத்தான். ரிப்போர்ட்டில் சி.டி.4 என்று வருவது இவருடைய எண்ணிக்கை. 200-க்குக் கீழே இறங்கினால், மற்றவர்களை ஒன்றும் செய்யாத பூஞ்சைகூட உயிரை எடுக்கும். இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்தது நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேர்ந்து செய்தது. ரத்த மாதிரிகளை வேலூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். இன்று தொடர்ந்து மருந்து எடுப்பவர்களின் செயலாளர்கள் பத்திரமாக இருக்கிறார்கள். அவர்கள் நம்மைப் போலவே நீண்ட காலம் வாழ்கிறார்கள். இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கொல்லி டி செல்லின் வேலை வேறு. வைரஸ் நம் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும் கிருமி. நியூட்ரோஃபில் வெளியே தேடிக்கொண்டிருந்தால் அகப்படாது. ஆனால் நம் செல் ஒவ்வொன்றும் உள்ளே என்ன தயாராகிறது என்பதற்கு ஒரு மாதிரியை வாசலில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். அதில் வைரஸின் துண்டைப் பார்த்ததும் கொல்லி டி செல் அந்த வீட்டையே இடித்துவிடும். சில வைரஸ்கள் தந்திரமாக வாசலில் எதையுமே வைக்க விடாது. அதற்கென்றே இன்னொரு காவலர் உண்டு. இயற்கைக் கொல்லி செல் என்று பெயர். கழுத்தில் ஐடி கார்டு இல்லாதவரைக் கேட்டில் நிறுத்துகிறோமே, அதுபோல வாசலில் ஒன்றும் காட்டாத செல்லைத்தான் இவர் குறிவைப்பார். டி செல் போலப் பயிற்சிக்காகக் காத்திருக்க மாட்டார், தொடக்கத்திலேயே வந்துவிடுவார்.

பி செல்கள் ஆன்டிபாடி தயாரிப்பவர்கள். வேலைக்கு இறங்கிய ஒரு செல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் தயாரித்து ரத்தத்தில் விடும். ஆன்டிபாடி என்பது கிருமியின் கையைக் கட்டிப்போடும் புரதம். ‘இதைத் தின்னுங்கள்’ என்று மேக்ரோஃபேஜுக்குக் காட்டும் ஒட்டுச்சீட்டும் அதுவே.

இந்தக் கால அட்டவணையைச் சொல்வதில் ஒரு நோக்கம் உண்டு. சாதாரண வைரஸ் காய்ச்சல் வருகிறது. மூன்று நாள் பொறுத்துப் பார்க்கிறோம். நான்காம் நாள் மருந்துக்கடையில் நாமே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுகிறோம். ஆறாம் நாள் காய்ச்சல் விடுகிறது. ‘அந்த மாத்திரை அற்புதம்’ என்று குழுவில் எழுதுகிறோம். வைரஸிடம் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அன்றுதான் உங்கள் டி செல்கள் படை திரட்டி வந்து சேர்ந்திருக்கும். வேலை செய்தது அவர்கள், பெயர் மாத்திரைக்கு. நடுவில் தேவையில்லாமல் போட்ட மருந்துக்கு நம் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் பழகிக்கொள்ளும். நாளைக்கு என் கணவரைப் போல ஒருவருக்கு நிஜமாகவே தேவைப்படும் இரவில் அந்த மருந்து கேட்காமல் போகலாம். அதற்காக மூச்சுத் திணறல், மயக்கம், மூன்று நாளைத் தாண்டும் காய்ச்சல் இருந்தால் வீட்டிலேயே இருக்கச் சொல்லவில்லை. டாக்டரிடம் போங்கள். மருந்தை அவர் முடிவு செய்யட்டும்.

விசிட்டர் நோட்டு

சண்டை முடிந்ததும் பெருகிய டி, பி செல்களில் பெரும்பாலானவை இறந்துவிடும். சில மட்டும் நினைவுச் செல்களாகத் தங்கும். கேட்டில் இருக்கும் விசிட்டர் நோட்டு போல. அதே கிருமி மறுபடி வந்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, ஓரிரு நாளில் படை தயார். 1918-ம் ஆண்டின் பெரிய ஃப்ளூவைச் சிறுவயதில் கண்டு பிழைத்தவர்களைத் தொண்ணூறு வயதுக்கு மேல் சோதித்துப் பார்த்தார்கள். அந்த வைரஸை அடையாளம் காணும் பி செல்கள் அவர்களிடம் அப்போதும் இருந்தன. 2008-ல் வெளிவந்த ஆய்வு இது.

தடுப்பூசி செய்வது இவ்வளவுதான். திருடன் வருவதற்கு முன்பே அவன் போட்டோவை நோட்டில் ஒட்டிவைப்பது.

சிலர் “அம்மை வந்துபோனால்தான் இயற்கையான சக்தி” என்பார்கள். சின்னம்மை வந்துபோனபின் வைரஸ் வெளியேறுவதில்லை, நரம்புகளில் ஒளிந்திருக்கும். வயதாகி டி செல்கள் தளரும்போது அக்கியாக வெளியே வரும். அக்கி வந்தவரிடம் கேளுங்கள், அந்த எரிச்சலைச் சொல்வார். தட்டம்மை அதைவிட மோசம். அது நினைவுச் செல்களுக்குள்ளேயே புகுந்து அழிக்கும். வேறு நோய்களுக்காக உடம்பு சேர்த்துவைத்த பக்கங்களையும் நோட்டிலிருந்து கிழித்துவிடும் என்று 2019-ல் ஆய்வுகள் காட்டின.

கடைசியாக ஒருவர். ஒழுங்குபடுத்தும் டி செல். சண்டை போதும், நிறுத்து என்று சொல்பவர். இவர் சரியாக இல்லாவிட்டால் படை நம் மூட்டையும் கணையத்தையும் தாக்கத் தொடங்கும். இவரைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025-ன் மருத்துவ நோபல். மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும். எதிர்ப்புச் சக்தியைக் ‘கூட்டுகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, யாரைக் கூட்டுகிறீர்கள் என்பதுதான். எல்லாரையும் கண்டபடி கூட்டினால் அது ஆரோக்கியம் அல்ல, இன்னொரு வியாதி.

நம் கட்டடத்துக்கு வருவோம்

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் தனி வேலை, தனி நேரம். ஒருவர் இல்லாத இடத்தை இன்னொருவர் நிரப்ப முடிவதில்லை. இவ்வளவு பெரிய குடியிருப்பில் ஏதாவது ஒரு படைப்பிரிவு குறைந்தவர்கள் எப்போதும் இருப்பார்கள். கீமோ எடுப்பவருக்கு நியூட்ரோஃபில் இல்லை. சிறுநீரக மாற்று செய்துகொண்டவரின் டி செல்களை மருந்து கட்டி வைத்திருக்கிறது. கைக்குழந்தைக்கு அம்மா கருவிலேயே கொடுத்தனுப்பிய ஆன்டிபாடிகள் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரும், தட்டம்மை ஊசியோ ஒன்பது மாதத்தில்தான். இவர்களில் பலருக்கு உயிருள்ள தடுப்பூசிகளைப் போடவும் முடியாது. அவர்களுடைய காம்பவுண்டுச் சுவர் நாம்தான்.

தட்டம்மை வந்தவர் லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டாலும் அந்தக் காற்றில் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை இருக்கக்கூடும். அது பரவாமல் நிற்க நூற்றில் 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும். ஆகவே சில வேண்டுகோள்கள்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை இன்றிரவு எடுத்துப் பாருங்கள். விட்டுப்போனதை டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். 65 வயதைக் கடந்தவர்கள் ஃப்ளூ, நிமோனியா ஊசிகளைப் பற்றிக் கேளுங்கள். நம் ஊரில் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு ஏறும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். அதனால் மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. சளி, இருமல் இருந்தால் லிஃப்டில் மாஸ்க் அணியுங்கள். நோயாளியைப் பார்க்கப் போவதாக இருந்தால் அன்று போகாமல் போன் செய்யுங்கள். என் கணவருக்குத் தொற்று எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பெரும்பாலும் அவர் உடம்பிலேயே இருந்த பாக்டீரியாதான். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் இருவர் இருமிக்கொண்டிருந்தார்கள். அன்பாக வந்தவர்களை வாசலில் நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. இனி யாருடைய வீட்டிலும் அந்தச் சங்கடம் வேண்டாம் என்றுதான் மைக்கைப் பிடித்துச் சொல்கிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

கேள்வி – பதில்

*பெண்ணுக்கு ஈசினோஃபில் 9 சதவீதம் என்று வந்திருக்கிறது. என்ன அர்த்தம்?*

ஈசினோஃபில் என்பவர் புழு போன்ற பெரிய ஒட்டுண்ணிகளைச் சமாளிப்பவர். விழுங்க முடியாத அளவு பெரியது என்பதால் மேலே ஒட்டிக்கொண்டு நச்சைக் கொட்டுவார். ஒவ்வாமை, ஆஸ்துமாவிலும் ஏறுவார். மூக்கு ஒழுகல், தோல் அரிப்பு, வயிற்றுப் புழு இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். சதவீதத்தை மட்டும் பார்க்காமல் டோட்டல் கவுண்டோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். எந்த அணுவுக்கும் அதுதான் கணக்கு.

*டெங்குவில் பிளேட்லெட் குறைந்தால் உடனே ஏற்ற வேண்டாமா?*

ரத்தக்கசிவு இல்லாதபோது எண் குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. டெங்குவில் பெரிய ஆபத்து ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது. அதுவும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் வரும். வயிற்று வலி, விடாத வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைதல் இருந்தால் ஓடுங்கள். வலி மாத்திரைகள் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகைக்கு உண்டான ஆன்டிபாடி, இரண்டாம் முறை வேறு வகை வரும்போது அதைத் தடுக்காமல், செல்லுக்குள் புக வழிகாட்டியாகிவிடுவது உண்டு. ‘ஒரு தடவை வந்துவிட்டது, இனி வராது’ என்று பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் விட்டுவைக்காதீர்கள்.

*எதிர்ப்புச் சக்திக்கு என்னதான் சாப்பிடுவது?*

சாம்பார், கீரை, முட்டை, பயறு, பழம். தூக்கம். சர்க்கரை இருந்தால் கட்டுப்பாடு, ஏனென்றால் சர்க்கரை ஏறினால் நியூட்ரோஃபில் மந்தமாகும். புகை பிடிக்காமல் இருப்பது. டப்பாவில் விற்பது எதுவும் என் பட்டியலில் இல்லை.

*(பின்வரிசையில் நின்றிருந்த நம் ஹவுஸ்கீப்பிங் அக்கா கேட்டது) அந்தக் காய்ச்சல் ஊசி எங்களுக்கும் போடலாமாம்மா?*

இன்று வந்ததிலேயே சரியான கேள்வி இதுதான். ஒரு நாளில் நாம் நம் வீட்டுக்குள் மட்டும் இருக்கிறோம். அக்கா எல்லா மாடிக்கும் போகிறார். செக்யூரிட்டி எல்லாரோடும் பேசுகிறார். நம் விசிட்டர் நோட்டில் முதலில் எழுத வேண்டியது அவர்கள் பெயரைத்தான். போடலாம் அக்கா, போட வேண்டும்.

(கூட்டம் முடிந்ததும் செயற்குழு கலந்து பேசியதில், அடுத்த மழைக்காலத்துக்கு முன் நம் ஹாலில் ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடத்தவும், பாதுகாப்பு, துப்புரவு, தோட்டப் பணியாளர்கள் அனைவருக்கும் ஆகும் செலவைச் சங்கமே ஏற்கவும் முடிவானது. பங்களிக்க விரும்புவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். – ஆசிரியர் குழு)